கொதியில் போட்ட சால்வை

இந்த நாட்டில் எனக்கு ஒருவரும் ஒன்றும் சும்மா தந்ததில்லை என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், கோயில் பந்தியில் இருந்து சொல்லியிருக்கிறேன், மகளுக்கும் அவளுடைய பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். என் இரண்டு கையாலும் உழைத்தேன், எவரிடமும் கை நீட்டவில்லை என்பேன். கை நீட்டவில்லை என்பது உண்மை. ஒருவரும் தரவில்லை என்பது பொய். ஒருவர் தந்தார். அதை நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் வேண்டும். எழுத்துப் பிழைகளை மகள் திருத்துவாள். பிழையைத் திருத்து, சொன்னதைத் திருத்தாதே என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கணவர் தவறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு அகதியாய் வந்தேன். வந்த வருடமே, பனிக்கால வேலைக்கு ஆள் தேவை என்று எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு ஹோட்டலுக்கு என்னை அனுப்பினார்கள். சிவப்பு ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. சேலைக்கு மேல் ஒரு நைலோன் சுவெற்றரும், காலில் முகாமில் தந்த பனிச் சப்பாத்தும் போட்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே பார்த்தவர்கள் எல்லோரும் அழகு அழகு என்றார்கள். எனக்கு அது வெள்ளைச் சேலை போர்த்திய ஊராகத்தான் தெரிந்தது.

முதல் இரண்டு மாதம் குசினிக்குப் பின்னால் கோப்பை கழுவினேன். காலை தொடக்கம் நின்றபடிதான். இருக்க ஒரு முக்காலிகூட அங்கே இல்லை. நிலம் எந்த நேரமும் ஈரம். விரல் மடிப்புகள் வெடித்து, சவர்க்காரம் பட்டால் உயிர் போகும். அந்த வேலையில் மனிசர் முகத்தைக் காண்பதில்லை. சுவரில் ஒரு துவாரம், அதற்குள்ளால் அழுக்குத் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

அங்கே எனக்குத் தமிழ் கதைக்க இருந்தவர் ஒருவர்தான். ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர், முப்பது வயது தாண்டியவர். குசினியில் மரக்கறி வெட்டினார். இங்கே பேசும் டொச் மொழியைக் கெட்டித்தனமாகப் பிடித்துவிட்டதால், எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் அவரைத் தம்பி என்பேன். அவர் யாழ்ப்பாணப் பட்டணத்துக்காரர், நான் பக்கத்துத் தீவொன்றில் பிறந்தவள். அதைச் சொல்லிச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

“அக்கா, தீவார் சோறு காய்ச்சிறதும் உப்புத் தண்ணியிலையாம், உண்மையே?”

“ஓம் தம்பி. பட்டணத்தார் வந்தால் அதைத்தான் குடுக்கிறனாங்கள்.”

மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள், வேலைப் பெண்களுக்கு மேற்பார்வைக்காரியாய் இருந்தவள் ஒரு பெரிய பொலித்தீன் பையைக் கொண்டுவந்து நாங்கள் சாப்பிடும் மேசையில் கொட்டினாள். விருந்தினர் விட்டுவிட்டுப் போன உடுப்புகள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். எங்களோடு வேலை செய்த போர்த்துக்கல் பெண்கள் இருவரும் சிரித்துச் சிரித்துப் பங்கிட்டார்கள். தம்பியும் ஒரு மேலங்கியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“ஒண்டை எடுங்கோ அக்கா. விறைச்சுச் சாகப் போறியள்.”

“ஆற்றையோ வேர்வை ஊறின துணி எனக்கு வேண்டாம்.”

“வேர்வையோ? இவை வேர்க்கிற ஆக்களே!”

நான் சிரிக்கவில்லை. எங்கள் வழக்கத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஊரில் எங்கள் வீட்டுக்கு அழுக்கெடுக்கக் கட்டாடியார் வருவார். வெளுக்கிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் உடுத்துக் கழித்த சேலை, வேட்டி எல்லாம் அவர் வீட்டுக்குப் போகும். அவருடைய பெண்சாதிக்கு நானே கொடுத்திருக்கிறேன். கையில் கொடுக்கவில்லை, படியில் வைத்தேன். அவள் குனிந்து எடுத்தாள். ஒருவர் உடுத்ததை இன்னொருவருக்குத் தருவது என்றால், தருகிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே. மரியாதைக்குத் தருவது என்றால் புதுச் சால்வை, மடிப்புக் கலையாமல் வரவேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. தண்ணீர் கீழே ஓடும் என்பதை யாராவது சொல்லித்தருகிறார்களா?

அந்த மாதம்தான் மேல்மாடிக்குப் போனேன். என்னுடைய ஏப்ரன் கிழிந்திருந்தது. நானே இழை ஓட்டித் தைத்துக் கட்டியிருந்தேன். குசினி வழியாகப் போன ஒரு வயதான அம்மா திடீரென்று நின்று, என் ஏப்ரனின் நுனியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தையலின் முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தை. தைக்கத் தெரிந்தவர்கள்தான் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஏதோ சொல்லித் தலையாட்டினார். அடுத்த திங்கட்கிழமை என்னை மேலே கூப்பிட்டார்கள்.

அது ஹோட்டலின் துணி அறை. லாஞ்சரி என்பார்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய், மேசைத் துணி எல்லாம் அங்கேதான் தோய்த்து, மடித்து, கிழிந்ததைத் தைத்து அடுக்குவது. பெரிய மெசின்கள் இரண்டு. சுவரெல்லாம் சூடு. அந்த அம்மா யன்னல் பக்கம் ஒரு கதிரையில் இருந்து தைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் எழும்பிப் போனார். விருந்தினர் சாப்பிடும் சாலையிலிருந்து சிவப்பு வெல்வெட் தைத்த கதிரை ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து தன் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். உட்கார் என்று அதன் இருக்கையைத் தட்டினார்.

எழுபது தாண்டிய மனுசி அதை இரண்டு மாடி தூக்கி வந்திருக்கிறார். மேற்பார்வைக்காரிக்கு அது பிடிக்கவில்லை. வந்து அந்தக் கதிரையையும் என்னையும் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. நான் இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, முகாமும் பொலிஸ் கந்தோரும் தவிர்த்து, என்னை இரு என்று சொல்லித் தந்த முதல் கதிரை அதுதான். அதை விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவெடுத்தேன். என்னைத் திரும்பக் கீழே, அந்தச் சுவர்த் துவாரத்துக்கு முன்னால் நிற்பாட்டிவிடக் கூடாது. அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

தம்பி விசாரித்து வந்து சொன்னார்.

“அக்கா, கிழவி உங்கடை ஆள்தான்.”

“என்ன கதை இது?”

“தீவாள்! வடக்குக் கடலிலை ஒரு தீவாம்.” பெயரும் சொன்னார், எனக்கு வாயில் நிற்கவில்லை. “பதினெட்டு வயசிலை இஞ்சை கட்டில் விரிக்க வந்தவவாம். பழைய முதலாளியின்ரை மகன் பாத்துப்போட்டுக் கட்டிப்போட்டான். இப்ப இருக்கிற முதலாளி அவவின்ரை பெடியன்.”

“அப்ப அவவும் வேலைக்காரியாய் வந்தவவோ?”

“ஓம். இப்ப எங்களுக்கெல்லாம் எசமான். நீங்களும் ஆரையும் பாருங்கோவன் அக்கா.”

“வாயிலை போடுவன்.”

ஊருக்கு எழுதிய கடிதத்தில், ஹோட்டலில் தையல் பகுதியில் வேலை என்று எழுதினேன். தையல் என்பது பாதி உண்மை. வெள்ளைக்காரர் படுத்தெழும்பிய விரிப்புகளை தினமும் வரும் வண்டியிலிருந்து அள்ளி மெசினுக்குள் தள்ளுவதும் நான்தான் என்பதை எழுதவில்லை. கட்டாடியாரின் பெண்சாதி கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள் என்று நான் நினைத்ததுண்டு. அவளுடைய முகம் எனக்கு நினைவு வரவில்லை. குனிந்த முதுகுதான் வந்தது.

தையல் முடிந்த நேரங்களில் அந்த அம்மா பின்னுவார். தீவிலிருந்து அவருடைய தங்கை பொதியில் கம்பளி நூல் அனுப்புவாள். சாயம் போடாத நூல். ஆட்டின் நிறம் எதுவோ நூலின் நிறம் அது: மண் நிறம், சாம்பல், வெள்ளை. பொதியை அவிழ்த்தால் அறை முழுக்க ஆட்டு மொச்சை மணம். நான் மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அவர் இடுப்பில் துளைத் துளையாய் உள்ள ஒரு தோல் வார் கட்டியிருப்பார். ஒரு ஊசியின் முனையை அந்தத் துளையில் குத்தி நிறுத்திவிட்டால் ஒரு கை லேசாகிவிடும். பிறகு விரல்கள் ஓடும். அவர் அதைப் பார்ப்பதே இல்லை. யன்னலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைக்காமல் மணிக்கணக்காய் இருந்திருக்கிறோம். நான் என் வாழ்க்கையில் ஒருவரோடும் அப்படி இருந்ததில்லை. என் கணவரோடுகூட.

அந்தக் குளிர்காலம் அவர் பின்னியது கழுத்துக்குச் சுற்றும் ஒரு கம்பளிச் சால்வை. அகலம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய. நீளம் ஆள் உயரத்தைத் தாண்டும். மண் நிறமும் சாம்பலும் வெள்ளையும் அலை அலையாய் ஏறி இறங்கும், ஓரமும் நேராக இல்லாமல் கரை போல் வளைந்து போகும். ஒரு நாள் பாதியில் நிறுத்தி, அதை என் தோளில் வைத்து அளவு பார்த்தார். நான் கம்பம் போல் நின்றேன். என்னைத் துணி மாட்டும் கொழுக்கியாக்குகிறார் என்று நினைத்தேன். ஆனால் இன்னொன்றும் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஆசை வந்தது. ஒருவேளை இது எனக்குத்தானோ என்ற நினைப்பில் அன்றைக்கு விரிப்பெல்லாம் கோணலாய் மடித்தேன்.

தை மாதம் பின்னல் முடிந்தது. கடைசி இழையை வெட்டி, முடிச்சுப் போட்டு, உதறி, தன் கழுத்திலேயே சுற்றிக்கொண்டார்.

நான் தலையணை உறைகளை எண்ணத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது? யார் அவர், நான் யார்? அவருடைய நூல், அவருடைய கை, அவருடைய கழுத்து. ஆசைப்பட்ட என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் அவர் அதைக் கழற்றவில்லை. அந்த அறைச் சூட்டிலும் கழற்றவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார். அதோடு சூப் குடித்தார். தடிமன் பிடித்துத் தும்மினார், அதன் நுனியால் மூக்கைத் துடைத்ததையும் என் கண்ணால் கண்டேன்.

மாசி மாதம் ஒரு பின்னேரம், நாலு மணிக் கோப்பிக்கு வேலையாட்கள் எல்லோரும் கீழே மேசையில் இருந்தோம். அந்த அம்மா வந்தார். வேலையாட்களின் அறைக்கு அவர் வருவதில்லை. எல்லோரும் எழும்பினோம். நேரே என்னிடம் வந்தார். தன் கழுத்திலிருந்த சால்வையை அவிழ்த்து என் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை இழுத்துச் சரி செய்தார். போர்த்துக்கல் பெண்கள் கை தட்டினார்கள். சால்வையில் அவருடைய உடம்புச் சூடு அப்படியே இருந்தது. ஆட்டு மொச்சையும், அவருடைய இருமல் மருந்தின் மணமும்.

“பாருங்கோ, கிழவி சால்வை போர்த்துறா,” என்றார் தம்பி. “மாலையும் மேளமும்தான் குறை.”

நான் மெல்லத்தான் சொன்னேன், ஆனால் சிரித்த முகத்தோடு சொல்லவில்லை.

“தான் போட்டுக் கழிச்சதைத் தாறா. எல்லாருக்கும் முன்னாலை. நான் என்ன இவையின்ரை கட்டாடியின்ரை பெண்சாதியோ?”

“அக்கா, மெல்ல.”

“மெல்ல என்ன? அவவுக்கு விளங்கவே போகுது!”

அந்த அம்மா தம்பியைப் பார்த்து ஏதோ கேட்டார். தம்பி ஒரு சொல்லில் பதில் சொன்னார். அந்த அம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

“என்ன கேட்டவ?”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு கேட்டவ. நன்றி எண்டு சொன்னவ எண்டு சொன்னன்.”

எறியத் துணிவில்லை. அவர் காணாமல் எறிய இடமும் இல்லை. போடாமல் விட்டால் கதிரை போய்விடும். போடுவதென்றால், பிறத்தியார் உடுத்ததைத் தோய்க்காமல் என் உடம்பில் போட ஏலாது. வேலை முடியும் நேரம், நாப்கின் துணிகளைப் போட்ட பிறகும் மெசினில் நிறைய இடம் இருந்தது. சால்வையையும் அதற்குள் போட்டேன். தொண்ணூற்றைந்து பாகைச் சூடு. அதற்கு மேல் அந்த மெசினில் இல்லை. நல்லாய் இருக்கட்டும் என்று சவர்க்காரத் தூளும் ஒரு கை கூடப் போட்டேன். ஊரில் எங்களுக்குத் தெரிந்த தோய்ப்பு அவிப்பதுதான். பருத்தி கொதிக்கக் கொதிக்க வெளுக்கும். கம்பளியை நான் அதற்கு முன் தோய்த்ததே இல்லை. விருந்தினரின் கம்பளி உடுப்புகள் எங்கள் அறைக்கு வராது, வெளியே கடைக்குப் போய்விடும். கொதியில் அழுக்கும் மொச்சையும் மற்றவருடைய வேர்வையும் போய், அது எனக்கென்று புதுசாய் வரும் என்று நினைத்தேன்.

காலையில் கதவைத் திறந்து நாப்கின்களை இழுத்தேன். கடைசியில் ஒரு கட்டை போல் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. ஆள் உயரத்தைத் தாண்டி நின்ற சால்வை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் இருந்தது. தும்புத் தடுக்குப் போல் தடித்திருந்தது. இழுத்தேன், இழுபடவில்லை. அலைகள் மட்டும் தெரிந்தன, ஒன்றோடொன்று நெருங்கி. யன்னல் பக்கம் பார்த்தேன். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. தூள் பெட்டிகள் அடுக்கியிருந்த தட்டுக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டு வந்து கதிரையில் இருந்தேன்.

அவர் வந்து என் கழுத்தைப் பார்த்தார். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, எங்கே என்று கையால் கேட்டார். நான் பெட்டியைத் திறந்து வைப்பது போல் காட்டினேன். நல்ல உடுப்பு, பெட்டிக்குள் பத்திரமாய் இருக்கிறது என்று. எங்கள் ஊரில் அது மரியாதை. நல்லதை யார் அன்றாடம் போடுகிறார்கள்? அவர் சிரித்து, இல்லை இல்லை, போடு, குளிர் என்று காட்டினார். நான்கு நாள் இப்படிப் போனது. நான்கு நாளும் அவர் கேட்டார், நான்கு நாளும் நான் பெட்டியைத் திறந்து மூடினேன்.

ஐந்தாம் நாள் மேற்பார்வைக்காரி தூள் பெட்டிகளை எண்ண வந்தாள். இரண்டு விரலால் அதைப் பிடித்து, செத்த எலியைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்று கத்தினாள். எனக்கு விளங்கவில்லை என்றதும் கீழே போய்த் தம்பியைக் கூட்டி வந்தாள்.

“அக்கா, இது எந்த விருந்தாளியின்ரை எண்டு கேக்கிறா. நீங்கள்தான் பழுதாக்கி ஒளிச்சு வைச்சதாம். இண்டைக்கே பெட்டியைக் கட்டட்டாம் எண்டு சொல்லுறா.”

நான் மேற்பார்வைக்காரியைப் பார்க்கவில்லை. அந்த அம்மா பின்னலை மடியில் வைத்துவிட்டு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கைவேலையைத் தெரியாதவர் உண்டா? அந்த நேரத்தில் நான், ஐயோ தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவருடைய கையைப் பிடித்திருக்க வேண்டும். வாயில் அது வரவில்லை. கள்ளியைப் போல் நிற்க வைத்துக் கேட்கிறார்களே என்றுதான் வந்தது.

“தம்பி, அந்த அம்மாவுக்குச் சொல்லும். நாங்கள் பிறத்தியார் உடுத்த துணியைத் தோய்க்காமல் தொடமாட்டம் எண்டு சொல்லும். கழிச்ச துணி வாங்கி உடுத்த குடும்பத்திலை நான் பிறக்கேல்லை எண்டும் சொல்லும்.”

“அக்கா, முதல் பாதி போதும்.”

“ஒரு சொல்லும் குறையாமல் சொல்லும்.”

“அக்கா...”

“அண்டைக்கு நன்றி எண்டு பொய் சொன்னனீர். இண்டைக்கு உண்மையைச் சொல்லும்.”

தம்பி சொன்னார். குனிந்துகொண்டு சொன்னார். அந்த அம்மா நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். தம்பி ஒவ்வொரு துண்டாய் எனக்குச் சொன்னார்.

“அது உங்களுக்கெண்டுதான் பின்னினதாம்... அவையின்ரை தீவிலை புதுசை அப்பிடியே குடுக்கமாட்டினமாம். அந்த ஆட்டுக் கம்பளி முதல் கழுத்தைக் கடிக்குமாம். பின்னினவை ஒரு மாசம் தாங்கள் போட்டு, அந்தக் கடியைத் தாங்கிப் பதமாக்கித்தான் மற்றவைக்குக் குடுப்பினமாம்... தன்ரை மகனுக்கும் அப்பிடித்தானாம். புதுசாய்க் குடுக்கிறது கடைக்காரர் செய்யிற வேலையாம்.”

அந்த அம்மா சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினார். தோல் சிவந்து, தடித்து, சொறிந்த இடமெல்லாம் பக்குக் கட்டியிருந்தது. ஒரு மாதம் அவர் சொறிந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வயது போனவர்களுக்குத் தோல் வரட்சி என்று நினைத்திருந்தேன்.

பிறகு மேற்பார்வைக்காரியிடம் ஏதோ சொல்லி, அந்தத் துண்டை அவளுடைய கையிலிருந்து வாங்கினார்.

“இது விருந்தாளியின்ரை இல்லை, என்ரை சாமான் எண்டு சொல்லுறா. உங்களை ஒண்டும் செய்ய வேண்டாமாம்.”

அவர் போய்விட்டார். இடுப்பில் தோல் வார் கட்டியபடியே போனார்.

அடுத்த நாள் காலை துணி அறைக்குப் போனேன். யன்னல் பக்கம் ஒரு கதிரைதான் இருந்தது. சிவப்புக் கதிரை இல்லை. என்னைக் கீழே போகச் சொன்னார்கள். அதை யார் சொல்லச் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேற்பார்வைக்காரியாய் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு விருப்பம்.

திரும்பவும் கோப்பை கழுவினேன். திரும்பவும் விரல் வெடித்தது. தம்பி விடவில்லை.

“வாங்கோ அக்கா, நான் கூட வாறன். ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வருவம். கிழவி பாவம்.”

“நாளைக்குப் போவம்.”

“நேற்றும் இதைத்தானே சொன்னனீங்கள்.”

“அவவும் சொல்லியிருக்கலாம். நீர் பக்கத்திலைதானே நிண்டனீர். கழட்டிப் போடேக்கை ஒரு சொல்லுச் சொன்னால் எனக்கு விளங்கியிருக்குமெல்லே?”

அதை நான் இப்போதும் சொல்வேன். ஒரு மனுசியின் கழுத்தில் ஒன்றைச் சுற்ற முன், அவள் எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவர் என்னிடம் என்ன கேட்டிருக்க முடியும்? என் தையலின் பின்பக்கத்தைப் பார்த்தார், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். நானும் அவருடைய பக்கத்தில் இரண்டு மாதம் இருந்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நாளைக்கு நாளைக்கு என்று பனிக்காலம் முடிந்தது. நான் மேலே போகவில்லை. அவர் கீழே வரட்டும் என்று காத்திருந்தேன் என்றும் எழுதத்தான் வேண்டும். வேலைக்காரியின் மன்னிப்புக்காக வீட்டுக்காரி படியிறங்கி வரட்டும் என்று.

சித்திரையில் ஹோட்டலைப் பூட்டும் நாள். எல்லோரும் பெட்டி கட்டினோம். வேலையாட்களின் சப்பாத்துகள் பின்வாசல் நடையில் வரிசையாய் இருக்கும். என் பனிச் சப்பாத்துக்குள் காலை விட்டேன். உள்ளே ஏதோ தடித்துக் கிடந்தது. காலை எடுத்துக் கையை விட்டேன். இரண்டு சப்பாத்துக்குள்ளும் ஒவ்வொரு துண்டு, பாதத்தின் வடிவத்தில் வெட்டி, ஓரம் பிரியாமல் கம்பளி நூலால் சுற்றித் தைத்திருந்தது. மண் நிறம், சாம்பல், வெள்ளை. அலைகள் குதிக்காலில் தொடங்கி விரல் வரை போயின. அளவு அச்சொட்டாய் என் பாதம். நான் கீழே தட்டுக் கழுவும்போது அவர் இந்த நடைக்கு வந்து, குனிந்து, என் சப்பாத்தை எடுத்து அளந்திருக்கிறார்.

ஒன்றைத் திருப்பித் தையலின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு முடிச்சும் வெளியே தெரியவில்லை.

“பாத்தியளே,” என்றார் தம்பி. “மறக்கேல்லை கிழவி.”

“கழுத்துக்குத் தந்ததைக் காலுக்குத் தந்திருக்கிறா. செருப்பாலை அடிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“குடுத்தாலும் குற்றம், குடுக்காட்டிலும் குற்றம். உங்களோடை ஆர் அக்கா வாழுறது?”

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

நான் அவற்றை எடுத்து எறியவில்லை. அப்படியே காலை விட்டேன். பனி உருகி வழியெல்லாம் சேறும் தண்ணியுமாய் இருந்தது. ரயில் நிலையம் வரை நடந்தேன். அந்த மலைக்கு வந்த நாள் தொடக்கம் என் கால் சூடாய் இருந்தது அன்றைக்குத்தான். துணி அறையின் யன்னல் ரயில் பாதையைப் பார்த்தபடி இருக்கும். யாரோ நிற்பது தெரிந்தது. நான் கை காட்டவில்லை. அங்கேயும் கை அசையவில்லை. அது அவர்தானா, மேற்பார்வைக்காரி திரைச்சேலை கழற்றினாளா என்று சொல்ல மாட்டேன். தெரியாததை எழுதக் கூடாது.

அடுத்த பனிக்காலத்துக்கு அந்த ஹோட்டலில் இருந்து என்னைக் கூப்பிடவில்லை. நான் வின்டர்தூருக்கு வந்து, தொழிற்சாலைகளில் நிலம் துடைத்தேன். பிறகு மகளும் வந்தாள். மூன்று குளிர்காலம் அந்தப் பாதத் துண்டுகள் என் சப்பாத்துக்குள் இருந்தன. கோபத்தில் வெட்டினாரா, மனதோடு வெட்டினாரா என்று நான் மூன்று குளிர்காலமும் யோசித்தேன். அவர்களுடைய தீவில் பழுதாய்ப்போன கம்பளியை எல்லோருமே அப்படித்தான் செய்வார்களோ என்னவோ. கேட்கத் தம்பியும் பக்கத்தில் இல்லை. அவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். கடிதம் எழுத அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கிறேன், நான் கேட்கவில்லை.

அந்த வருடங்களில்தான் நான் கலியாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். எனக்கு இந்த நாட்டில் ஒருவரும் ஒன்றும் தந்ததில்லை என்று. வெளியே பனி கொட்டும். நான் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு சொல்வேன்.

மூன்றாம் வருட முடிவில் குதிக்கால் இரண்டும் தேய்ந்து ஓட்டையாய்ப் போயின. மகள் கடையில் புதுசு வாங்கி வந்தாள். பழையதை எறியுங்கோ அம்மா, மணக்குது என்றாள். ஓம், என்னுடைய மணம்தான். எறிந்தேன். எறிய முன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டையும் குளிர்ந்த தண்ணீரில் கையால் தோய்த்தேன்.